ஓடுகிறவளும் இழுக்கிறவளும்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை சமையற்கட்டு வாசலில் வந்து நீ ஒரு விஷயம் சொன்னாய். "சுகந்திக்கு இஷ்டம் இல்லம்மா. என்னைக் கல்கத்தாவுக்கு மாத்திட்டாங்க, கல்யாணம் ஆன கையோட என்கூட வந்துடுவியான்னு கேட்டேன். இதுவரைக்கும் பதிலே இல்ல. ரெண்டு வாரம் ஆச்சு. எனக்கும் அவளுக்கும் ஒத்து வராது. நிறுத்திடலாம்." நான் அப்போது அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். சட்டியில் இருந்தது அத்தனையும் கருகிவிட்டது. உன் அப்பா அதையும் நொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு, "என்னவாம் அவனுக்கு?" என்று மட்டும் கேட்டார். பத்திரிகை அடித்தாயிற்று. மண்டபம் பேசியாயிற்று. பந்தக்கால் ஊன்ற நாள் நெருங்கிவிட்டது. நீ மெட்ராஸுக்கு ரயில் ஏறிப் போய்விட்டாய், எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறேன். மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன். கீரைக்காரியிடம் காரணமில்லாமல் சண்டை பிடித்தேன், பாவம் அவள்.

நேரில் பேசலாம் என்றால், "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என்னைப் பாதியில் அடக்கிவிடுவாய். காகிதத்தை அப்படி அடக்க முடியாது. இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன் அறையில் இருக்கிற பையன்கள் படித்தாலும் சரி, ஊரே படித்தாலும் சரி. கல்யாணத்தை நிறுத்து என்றோ நடத்து என்றோ சொல்ல நான் உட்காரவில்லை. நானும் மைமூனும் எப்படி ஜோடி சேர்ந்தோம் என்று சொல்லப் போகிறேன். மைமூன் சின்னம்மாவை உனக்குப் பெருநாள் பிரியாணி அனுப்புகிறவளாகத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் திருச்சி ஜில்லா முழுக்கக் கல்யாணம் கல்யாணமாகப் பாடினோம் என்பதும் அரைகுறையாகத் தெரியும். எப்படிச் சேர்ந்தோம் என்று நீ கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை, போகட்டும்.

முதலில் என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் நீ அப்படியே வாங்கிக்கொண்டிருக்கிறாய். பெரிய கடை வீதியில் உன் தாத்தாவுக்குப் பாத்திரக் கடை. நான் ஒரே பெண். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். பாட்டுக் கற்றுக்கொள்ள அனுப்பினால் அடங்குவேன் என்று நினைத்து ஆர்மோனியம் ஒன்று வாங்கிக் கொடுத்தார் தாத்தா. சொல்லிக் கொடுக்க வந்தவர் பொறுமைசாலி. அவரே ஒரு வருஷத்தில் கைகூப்பிவிட்டார். "குரல் இருக்கும்மா உனக்கு. காலம்தான் நிக்க மாட்டேங்குது" என்றார். ஒரு வேகத்தில் பாட்டைத் தொடங்குவேன், முடிக்கும்போது அது இரண்டு மடங்காகியிருக்கும். நடுவில் மூச்சு விடுகிற இடத்தைக்கூடத் தின்றுவிடுவேன். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. கேட்பவர்களுக்குத்தான் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சினிமா மெட்டு மாதிரி துள்ளலாக நானே மெட்டுப் போட்டு, நானே வரி கட்டி, நானே பாடிக்கொண்டு திரிந்தேன். மேடையில் ஏறிப் பாட வேண்டும் என்று ஒரே வெறி. ஐம்பதுகளின் கடைசி அது. பெரிய கடை வீதிப் பெண்ணுக்கு யார் மேடை போட்டுக் கொடுப்பார்கள்?

கமலா என்று ஒருத்தி, எங்கள் தெரு, என் கூடப் படித்தவள். அவளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்தார்கள். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் பக்கத்தில் ஒரு சத்திரத்தில். மாப்பிள்ளை வீட்டார் தொட்டியத்தில் வாழைத் தோப்புக்காரர்கள். முகூர்த்தம் முடிந்த மத்தியானம் நலங்கு. இப்போது நலங்கு என்றால் போட்டோவுக்கு நிற்கிற சடங்காகப் போய்விட்டது. அப்போது அது இரண்டு வீட்டுப் பெண்களின் யுத்தம். பாயில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தேங்காய் உருட்டச் சொல்வார்கள். சுற்றிலும் இரண்டு பக்கத்துப் பெண்களும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேலி பண்ணிப் பாடுவார்கள். பெண் வீட்டுக்காரர்கள் சம்பந்தியம்மாளை இழுப்பார்கள், அவர்கள் பதிலுக்கு இவர்களை இழுப்பார்கள். எவ்வளவு இழுத்தாலும் கோபப்படக் கூடாது, அது முறை. ஆனால் எந்தப் பக்கம் நன்றாகப் பாடினது என்பதைப் பத்து வருஷம் ஞாபகம் வைத்திருப்பார்கள். "எங்க பக்கம் நீதான்டி பாடணும்" என்று கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆகாயத்தில் மிதந்தேன்.

கேலிப் பாட்டுக்கு ஆளைப் பார்த்து வைக்க வேண்டும் அல்லவா? காலையில் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து வைத்துக்கொண்டேன். பச்சைப் பட்டு, எட்டுக்கல் மூக்குத்தி, கனத்த உடம்பு, பந்தியில் முதல் வரிசை. எனக்கு வேறென்ன வேண்டும்? தாலி கட்டி முடித்ததும் வரிகளைச் சரி பார்க்க வேண்டும் என்று காவிரிப் படித்துறைக்கு ஓடிவிட்டேன். ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி நடந்துகொண்டே பாடிப் பார்த்தேன். அந்த நேரத்தில் சத்திரத்தில் சம்பந்திகளுக்குள் சீர்ப்புடவை கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய புடவையை உடனே கட்டிக்கொண்டு வந்து சபையில் உட்காருவதுதான் மரியாதை. பெண் வீட்டார் கொடுத்த அரக்குப் பட்டை மாப்பிள்ளையின் அம்மா கட்டிக்கொண்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்ததைக் கமலாவின் பெரிய அத்தை கட்டிக்கொண்டுவிட்டார்கள். அது பச்சை. தொட்டியத்துக்காரர்களுக்கு வாழையிலையைத் தவிர வேறு நிறமே கண்ணில் படாது போலிருக்கிறது. அந்த அத்தைக்கும் மூக்குத்தி உண்டு, உடம்பும் உண்டு. கமலாவைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவர்கள், வெளியூரில் இருந்தாலும் அந்த வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். கண்பார்வை சரியில்லாமல் அதுவரை சத்திரத்தின் உள்ளறையிலேயே இருந்ததால் நான் அன்றைக்கு அவர்களைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னாலும் எப்போதோ ஒரு தடவை பார்த்ததுதான்.

நான் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது நலங்கு தொடங்கிவிட்டது. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நிதானித்துப் பார்த்திருக்கலாம். நானா நிதானிப்பவள்? ஆர்மோனியத்தை முன்னால் இழுத்தேன், பச்சைப் புடவையைக் கண்டேன், கையை நீட்டி ஆரம்பித்தேன்:

பச்சப் பட்டுச் சம்பந்தியம்மா பந்திக்கெல்லாம் முந்தி,
பாயசத்தைக் கண்டதுமே பறக்குதம்மா புத்தி!
ஒத்த வடை போதுமின்னு ஒதுங்கிவந்த அம்மா
ஒம்பதாவது வடையைத் தேடி ஒளிஞ்சிருக்கலாமா?

எங்கள் பக்கத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. எதிர்ப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு அப்போதும் புரியவில்லை. நன்றாகத்தான் எடுபடுகிறது என்று அடுத்த நாலு வரியையும் அதே மூச்சில் பாடினேன். கமலா மாலையும் கழுத்துமாக என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். பச்சைப் புடவை எழுந்து நின்றது. "யாருடி இவ? எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என்னையே பாடுறா? சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி என்னை அவமானப்படுத்தத்தான் இவளைக் கூட்டி வந்தீங்களா? கட்டுங்க மூட்டையை!" என்று குரல் வந்தது. அந்த அத்தை கிளம்பினால் அப்பா வழிச் சொந்தம் மொத்தமும் கூடவே கிளம்பும். கல்யாணத்தன்றே சொந்த அத்தை கோபித்துக்கொண்டு போன பெண் என்கிற பேரோடு கமலா தொட்டியத்துக்குப் போக வேண்டும். அந்த வயசில், அந்த ஒரு நிமிஷத்தில், பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று நிஜமாகவே நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மைக்கில் வந்தது. ரிசப்ஷனுக்கும் நலங்குக்கும் மாப்பிள்ளை வீட்டார் மைக் செட் வைத்திருந்தார்கள். பாலக்கரையில் கடை வைத்திருந்த ஒரு பாய் கொண்டுவந்த செட். அவருடைய மகள்தான் இசைத்தட்டைத் துடைப்பாள், ஊசி மாற்றுவாள், பாடுகிறவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய்ப் பிடிப்பாள். இசைத்தட்டு ஓடும்போது அவள் கூடவே முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க பக்கம் பாட ஆளில்லம்மா, நீ நாலு வரி பாடேன்" என்று மாப்பிள்ளையின் அம்மா காலையிலேயே கேட்டிருந்தார்களாம். ஆக அவள் மாப்பிள்ளைப் பக்கத்துப் பாட்டுக்காரி. முறைப்படி அவள் எங்களைத்தான் கேலி பண்ண வேண்டும். தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, என்னுடைய அதே மெட்டை எடுத்து, அரை வேகத்தில் இழுத்து இழுத்துப் பாடினாள்:

அரக்குப் பட்டுச் சம்பந்தியம்மா அசைஞ்சு வந்தாங்க மெல்ல,
அடுப்படியில் ஜாங்கிரியாம், அதுக்கு வழி சொல்ல!
வாழைத்தோப்பு வச்சிருக்கோம், வாங்க வாங்கன்னாங்க,
வந்தவங்களுக்கு இலையைத் தந்து பழத்தை வச்சுக்கிட்டாங்க!

தன்னைப் பாடச் சொன்ன அம்மாளையே பாடிவிட்டாள். நான் என் கட்சியைப் பாடிவிட்டேன், அதனால் அவள் தன் கட்சியைப் பாடினாள், கணக்கு நேராகிவிட்டது. முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். "அடிப் பாவி, பழம் அனுப்பாததைக் கண்டுபிடிச்சிட்டாளே!" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எழுந்து நின்ற அத்தைக்கும் உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, மேலே பாடுங்க என்று கண்ணால் சொன்னாள். நான் மறுபடி எங்கள் பக்கத்தைப் பாடினேன், அவள் அவர்கள் பக்கத்தைப் பாடினாள். நான் ஓடினேன், அவள் இழுத்தாள். அவள் முடிக்கிற வரைக்கும் நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது, அது எனக்குப் பெரிய சித்திரவதை. தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாக எல்லாம் தெருவுக்குப் போய், ஆற்றுக்குக் குளிக்கப் போனவர்கள் ஈரத் துணியோடு வாசலில் கூடிவிட்டார்கள். கமலா அன்றைக்கு அழுதது சிரித்துச் சிரித்துத்தான். அவள் மாமியார் எங்களிடம் வந்து, "ஐப்பசியில முசிறியில என் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். ரெண்டு பேரும் சேர்ந்து வந்து பாடணும், சொல்லிட்டேன்" என்றார்கள்.

இங்கேதான் என் நிஜமான கதை தொடங்குகிறது. ஆவணிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் புரட்டாசி இருக்கிறது. புரட்டாசியில் யார் வீட்டிலும் கல்யாணம் கிடையாது, பாட்டும் கிடையாது. எனக்கு ராத்தூக்கம் போயிற்று. மறுநாளே என் அம்மாவை இழுத்துக்கொண்டு பாலக்கரைக் கடைக்குப் போனேன். மைமூன் தரையில் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "முசிறிக்கு வர்றீங்கல்ல? சேர்ந்து பாடலாம். நான் பத்து வரி கட்டிட்டேன்" என்று பாடியும் காட்டினேன். அவள் ஒயரைச் சுற்றி முடித்தாள். பிறகு இன்னொரு ஒயரை எடுத்தாள். "உட்காருங்க, டீ சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான் பதில். அவள் அத்தா கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தார். அடுத்த வாரம் போனேன். "பார்க்கலாம்" என்றாள். அதற்கடுத்த வாரம் போனபோது புது வரி ஒன்றைக் காட்டினேன். ரசித்துத் தலையாட்டினாள், "முசிறி?" என்றால் மட்டும் ஊமையாகிவிட்டாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? என்னோடு பாட அவளுக்குக் கேவலமாக இருக்கிறதோ? சந்தர்ப்பத்துக்கு ஒரு தடவை பாடினாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பதில் இல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். புரட்டாசி முடிவதற்குள் அந்தத் தெருப் பக்கமே போவதை நிறுத்திவிட்டேன். உனக்கு இந்த இடம் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா?

முசிறிக்கு நானும் என் அம்மாவும் முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். நலங்கு மத்தியானம்தான். மைக் செட் அதே பாயுடையதுதான், ஆனால் அது ஏறி வந்த வாழைக்காய் லாரி வழியில் பஞ்சர் ஆகி நின்றுவிட்டது. "அவங்க வரட்டுமே" என்று கல்யாண வீட்டார் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. மைக் எதற்கு, ஜோடி எதற்கு, நான் ஒருத்தியே இரண்டு பக்கத்தையும் பாடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். புடவையை எல்லாம் இந்தத் தடவை ஆளிடம் கேட்டு நிச்சயம் பண்ணிக்கொண்டேன், அந்தப் புத்தி வந்திருந்தது. நல்ல வரிகள் கண்ணா, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஒரு சிரிப்பு வரவில்லை. முதல் கேலி அவர்கள் காதில் விழுந்து புரிவதற்குள் நான் மூன்றாவதில் இருந்தேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருத்தி வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், இனி என்ன செய்வது என்று தெரியாமல் ஆர்மோனியத் துருத்தியை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முசிறியோடு என் மேடை ஆசை முடிந்தது, ஊருக்குப் போய் அப்பா பார்க்கிற வரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று தெளிவாகத் தெரிந்தது.

அப்போதுதான் லாரி வந்து நின்றது. பாய் இறங்கினார், பின்னாலேயே மைமூன் இறங்கினாள். அவசரமே இல்லாமல் பெட்டியை இறக்கினாள், ஒயரை இழுத்தாள், ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறேன். துணி உறையிலிருந்து ஒரு புல்புல்தாராவை வெளியே எடுத்தாள். டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளைத் தட்டித் தந்தியை மீட்டுவார்களே, அது. மைக் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டினாள். என் ஆர்மோனியத்தோடு சுருதி இம்மி பிசகாமல் சேர்ந்தது. பிறகு கடையில் அவளுக்குப் பாடிக் காட்டியிருந்த, நான் இங்கே பாடி வீணடித்த முதல் வரியையே எடுத்து, நிதானமாகப் பாடிவிட்டு நிறுத்தினாள். பந்தல் குலுங்கியது. அவள் நிறுத்திய இடத்தில் புல்புல்தாரா மட்டும் ஓடியது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியை என்னிடம் தள்ளினாள். அன்று நலங்கு முடிய வெளிச்சம் போய்விட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "என் பாட்டைத் திருடிட்டீங்க" என்றேன்.

"உங்க பாட்டுதாங்க" என்றாள். "ஜனங்க சிரிக்கிறதுக்கு நான் கொஞ்சம் இடம் விட்டேன். அவ்வளவுதான்."

"அப்ப ஒரு மாசமா ஏன் வாயைத் திறக்கல? நீங்க வரமாட்டீங்கன்னு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

"வரமாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். "அத்தாகிட்ட எடுத்தவுடனே கேட்டா வேணாம்பாங்க. ஒரு தடவை வேணாம்னு சொல்லிட்டா மாத்திக்க மாட்டாங்க. அதனால கேக்காம, நீங்க வந்து போற ஒவ்வொரு தடவையும் உங்க வரியை வீட்ல பாடிக் காட்டுனேன். போன வெள்ளிக்கிழமைதான் அவங்களே, 'மைக் பெட்டி பக்கத்துல உட்கார்ந்துதான் பாடணும், மேடைக்குப் போகக் கூடாது'ன்னாங்க. அதுக்கப்புறம் இந்தத் தாராவை உங்க அஞ்சு கட்டை சுருதிக்குக் கட்டணும். தந்தி ரெண்டு அறுந்துபோச்சு. வேலை நடந்துட்டுதாங்க இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டு நடக்கலைன்னா? இன்ஷா அல்லாஹ்னு இருந்தேன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்வதா அறைவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல், "இனிமே 'டி' போட்டுப் பேசுடி" என்றேன். அதற்கும் உடனே பதில் சொல்லவில்லை அவள். திரும்பி வருகிற பஸ்ஸில் குணசீலம் தாண்டின பிறகு, "சரிடி" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் ஜோடியானோம். நான் பெண் வீட்டுப் பக்கம் மேடையில், அவள் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் மைக் பெட்டியருகில். அவரவர் கட்சியை அவரவரே கேலி பண்ணுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. முதலில் செய்தது பிசகு. பிறகு அதைத்தான் எல்லோரும் கேட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் மனம் நோகவில்லை. நலங்கிலிருந்து ரிசப்ஷனுக்குப் போனோம். கேலிப் பாட்டிலிருந்து சொந்த மெல்லிசைக்குப் போனோம். அறுபதுகளில் கிட்டார்காரரும் போங்கோ தட்டுகிறவரும் வந்து சேர்ந்தார்கள், ஆனாலும் சுவரொட்டியில் எங்கள் இரண்டு பேர் படம்தான். பாய் கடைசிவரை கூடவே வந்தார். கடைசி கடைசியாக மைமூனை மேடைக்குப் போகச் சொன்னதும் அவர்தான், அதுவும் அவள் கேட்டு அல்ல.

நிதானம்தான் உசத்தி என்று நான் பிரசங்கம் பண்ணுகிறேன் என்று நினைக்காதே. எங்களைக் குரல் தேர்வுக்கு வரச் சொல்லி ரேடியோவிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. எந்த இரண்டு பாட்டு என்று மைமூன் யோசித்து முடிப்பதற்குள் தேதி போய்விட்டது. ஒரு மாசம் நான் அவளோடு பேசவில்லை. அதே போல, ஒரே முகூர்த்தத்தில் லால்குடிக்கும் சமயபுரத்துக்கும் சேர்த்து வருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தபோது அவள் என்னைத் திட்டிய திட்டு உன் காதால் கேட்கக் கூடாதது. அவளால் நான் இழந்தது உண்டு, என்னால் அவள் இழந்தது உண்டு. இருந்தும் என்னைப் போலவே ஓடுகிற ஒருத்தியோடு நான் சேர்ந்திருந்தால் எங்கே போய் முட்டியிருப்போம் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஜோடிப் பாட்டும் கல்யாணமும் ஒன்றா என்று நீ கேட்பாய். இல்லைதான். நாங்கள் கச்சேரி முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம், நீங்கள் ஒரே வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் உன்பாடு இன்னும் கஷ்டம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் நான் சுகந்தி வீட்டுக்குப் போனேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். அவள் ஸ்கூலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காபி கொடுத்தாள், நன்றாகவே போடுகிறாள். அவள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார்கள். "ஏம்மா, என் பையன் உன்கிட்ட ஒண்ணு கேட்டானாமே. அவனுக்கு ஏன் பதில் சொல்லல?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காபி டம்ளரின் விளிம்பைத் துடைத்தாள். எனக்கு எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது, வேறு ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது, "சரி, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் போல இருந்தது. மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு பஸ் போயிற்று, இன்னொரு பஸ் போயிற்று.

"கேட்டாங்க அத்தை" என்றாள் பிறகு. "கேக்கும்போதே ஒரு கால்ல செருப்பை மாட்டிட்டாங்க. நான் யோசிச்சு நிமிர்றதுக்குள்ள கேட்டைச் சாத்துற சத்தம் கேட்டுது. மறுபடி வருவாங்கன்னு தினமும் பார்க்கிறேன். வரல. என்கிட்ட பதில் இருக்கு அத்தை. அதை யார்கிட்ட சொல்றது?"

அந்தப் பதிலை என்னிடமே சொல்லிவிடத்தான் அவள் வாயெடுத்தாள். "வேணாம்மா, என்கிட்ட சொல்லாதே, அது அவனுக்கு" என்று தடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவள் வருகிறேன் என்று சொல்லப் போகிறாளா, மாட்டேன் என்று சொல்லப் போகிறாளா, எனக்குத் தெரியாது கண்ணா. தெரிந்துகொள்ளாமல் இந்த வீட்டில் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினதும் இங்கே வராதே. நேரே அவள் வீட்டுக்குப் போய் மறுபடி கேள். கேட்டுவிட்டு உட்கார்ந்திரு.

உன் அம்மா